எலும்புப்புரைக்கு மருந்து: ஏற்காட்டுப் பெண்கள் அறிய வேண்டியவை

எலும்பின் அடர்த்தி குறைந்து, உள்ளே இருக்கும் வலைப்பின்னல் நைந்து, சிறு அடிக்கே முறிந்துபோகும் நிலைக்கு எலும்பு வந்துவிடுவதை எலும்புப்புரை என்கிறது மருத்துவம். மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் இது அதிகம். முழங்காலில் வரும் மூட்டுத் தேய்மானத்தோடு இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். தேய்மானம் வலியோடு வரும். எலும்புப்புரை முறியும்வரை வலிக்காது. மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு ஆகிய மூன்று இடங்களில்தான் முறிவு பெரும்பாலும் ஏற்படும். முதுகெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கண்டுபிடிக்கப்படாமலேயே போய்விடுகிறது; கூன் விழுவதையும் உயரம் குறைவதையும் வயதின்மேல் போட்டுவிடுகிறார்கள். இடுப்பெலும்பு முறிவு அப்படி மறைவதில்லை. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். பிழைத்தவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை.

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பி பயிரிடத் தொடங்கினார். இன்றும் காப்பியும் மிளகும் மலைமக்கள் பலருக்குப் பிழைப்பு. பழம் பறிப்பது, களை எடுப்பது என்று எஸ்டேட் வேலையில் பெண்களின் பங்கு பெரிது. மலையாளி பழங்குடியினரின் ஊர்களிலும் ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் விறகும் தண்ணீரும் சுமந்து சரிவில் ஏறி இறங்குகிறார்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்த படியிலும் ஈரச் சருகிலும் கால் வழுக்க ஒரு நொடி போதும். இடுப்பு முறிந்தவரைத் தோட்டத்துக்குள்ளிருந்து சாலைவரை தூக்கி வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்த முறிவைத் தடுக்கும் மருந்துகள் முப்பது ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. சில மருந்துகளின் விலை ஏழைக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியது. ஆனால் மருந்தைச் சரியான முறையில் எடுப்பதும், சொன்ன காலம்வரை விடாமல் எடுப்பதும், அவரவர் வாழும் நிலைமைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பதும்தான் பலனைத் தீர்மானிக்கின்றன.

எலும்பு ஏன் கரைகிறது?

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்களும் அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்கின்றன. முப்பது வயதுவரை கட்டுவது கூடுதலாக இருக்கும். பிறகு இரண்டும் ஏறக்குறையச் சமமாக நடக்கும். அரிக்கும் செல்களை அடக்கி வைப்பது பெண்களின் சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நிற்கும்போது அந்தச் சுரப்பு வற்றிவிடுகிறது; அரிப்பு கட்டுமானத்தை முந்திக்கொள்கிறது. இந்தத் தொடர்பை 1940-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் சில பெண்கள் தங்கள் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம்வரை இழந்துவிடுகிறார்கள்.

மேலை நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 51 வயதில் நிற்கிறது. இந்தியப் பெண்களுக்கு அது 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. எலும்பு இழப்பும் அத்தனை ஆண்டு முன்கூட்டியே தொடங்குகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மாதவிடாய் நின்ற 150 பெண்களைப் பரிசோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். நடமாடிக்கொண்டிருந்த அந்தப் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு வைட்டமின் டி போதவில்லை.

யாருக்கு மருந்து தேவை?

எலும்பு அடர்த்தியை அளக்க உலகெங்கும் ஏற்கப்பட்ட பரிசோதனை டெக்ஸா ஸ்கேன். இடுப்பிலும் கீழ் முதுகிலும் குறைந்த அளவு எக்ஸ்ரே செலுத்தி அளப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலிக்காது. முடிவு டி-ஸ்கோர் என்ற எண்ணாக வரும். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த வரையறைப்படி மைனஸ் 1 வரை இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. முகாம்களில் குதிகாலை வைத்து அளக்கும் கருவி ஒரு குறிப்பு மட்டுமே தரும். அதை வைத்து மருந்தைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

சேலம், தருமபுரி மாவட்டச் சமவெளிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் உண்டு. ஃபுளோரைடு படிந்த எலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரியும். உறுதியோ குறைவாக இருக்கும். அத்தகைய ஊரில் நெடுங்காலம் வாழ்ந்து மலைக்கு வந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்று வகைப் பெண்களுக்கு மருந்து தேவைப்படுகிறது. நின்ற நிலையில் தவறி விழுந்தே இடுப்போ முதுகெலும்போ முறிந்தவர்கள் முதல் வகை. இவர்களுக்கு ஸ்கேன் எண் எதுவாக இருந்தாலும் மருந்து தேவை. டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே உள்ளவர்கள் இரண்டாம் வகை. அடர்த்திக் குறைவோடு வேறு ஆபத்துகளும் சேர்ந்தவர்கள் மூன்றாம் வகை: தாய் அல்லது தந்தைக்கு இடுப்பு முறிந்திருப்பது, மிக ஒல்லியான உடல், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ பல மாதம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தது, 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றது, கருப்பையோடு சூலகங்களையும் அகற்றியது ஆகியவை அந்த ஆபத்துகள். மருந்து தொடங்கும் முன் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலை, தைராய்டு ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

கால்சியமும் வைட்டமின் டி-யும்

எந்த மருந்துக்கும் அடித்தளம் இவை இரண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மி.கி. கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. இருக்கிறது; ஒரு டம்ளர் பசும்பாலில் 200 மி.கி.க்கு மேல் கிடைக்கும். களி, மோர், கீரை, எள், முள்ளோடு தின்னும் சிறுமீன் எல்லாம் சேர்ந்தால் தேவையில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே நிறைந்துவிடும். மலையில் ராகியும் சாமையும் தட்டிலிருந்து விலகி, ரேஷன் அரிசி மட்டுமே மூன்று வேளைக்கும் என்றாகிவிட்ட வீடுகளில் கால்சியத்தின் வரவும் குறைந்துவிடுகிறது. பற்றாக்குறையை மாத்திரையால் நிரப்பலாம். ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் உடல் சரியாக ஏற்காது. கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்.

வைட்டமின் டி வெயிலில் தோல் உருவாக்கும் பொருள். பனிமூட்ட மாதங்களில் ஸ்வெட்டரும் போர்வையுமாக இருப்பவர்களுக்கும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவர்களுக்கும் அது குறையும். குறைவு உறுதியானால் 60,000 யூனிட் மருந்தை வாரம் ஒரு முறை எட்டு வாரங்கள் தருவது இங்குள்ள வழக்கம். வார மருந்தைத் தினமும் சாப்பிட்டுவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆபத்தாகும். கால்சியமும் வைட்டமின் டி-யும் அவசியம். ஆனால் எலும்புப்புரை வந்த பிறகு இவை மட்டும் முறிவைத் தடுக்கப் போதா. கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறேன், அது போதும் என்று பல பெண்கள் நினைத்திருப்பது பெரிய தவறான நம்பிக்கை.

வார மாத்திரை

எலும்புப்புரைக்கு முதலில் எழுதப்படும் மருந்துகள் பிஸ்பாஸ்போனேட் வகையைச் சேர்ந்தவை. தண்ணீர்க் குழாய்களில் உப்பு படியாமல் தடுக்கும் பாஸ்பேட் சேர்மங்களிலிருந்து பிறந்த யோசனை இது. ஹெர்பர்ட் ஃப்ளைஷ் என்ற சுவிஸ் அறிவியலாளர் 1960-களில் உடலிலும் அத்தகைய வேதிப்பொருள் சுண்ணாம்புப் படிவைக் கட்டுப்படுத்துவதைக் கண்டார். அதன் வழியில் உருவான மருந்துகள் எலும்பில் போய் ஒட்டிக்கொண்டு, அரிக்கும் செல்களைச் செயலிழக்கச் செய்கின்றன.

இவற்றில் அலெண்ட்ரோனேட் 1995-இல் அமெரிக்காவில் எலும்புப்புரைக்கு அனுமதி பெற்றது. வாரத்துக்கு ஒரு 70 மி.கி. மாத்திரை போதும். ரைசெட்ரோனேட் 35 மி.கி. வாரம் ஒன்று, ஐபாண்ட்ரோனேட் 150 மி.கி. மாதம் ஒன்று. ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த பெண்களிடம் நடத்தப்பட்டு 1996-இல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டு அலெண்ட்ரோனேட் எடுத்தவர்களிடம் முதுகெலும்பு முறிவும் இடுப்பு முறிவும் பாதியாகக் குறைந்தன.

ஆனால் விழுங்கும் மாத்திரையில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. வயிற்றில் வேறு எது இருந்தாலும் அந்தச் சிறு பங்கும் போய்விடும். காப்பியோ ஆரஞ்சுச் சாறோ சேர்ந்தால் உடலில் சேரும் அளவு சுமார் 60 சதவீதம் குறையும் என்று மருந்துக் குறிப்பே பெயர் சொல்லி எச்சரிக்கிறது. காப்பியும் ஆரஞ்சும் விளையும் ஏற்காட்டில் இது அன்றாடம் கவனிக்க வேண்டிய விஷயம். விடிகாலைக் குளிரில் எழுந்ததும் அடுப்பில் கடுங்காப்பி வைப்பது வீட்டுக்கு வீடு வழக்கம். மாத்திரை எடுக்கும் நாளில் மட்டும் அந்தக் காப்பி காத்திருக்க வேண்டும்.

முறை இதுதான். காலையில் எழுந்து வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு மாத்திரையை முழுசாக விழுங்க வேண்டும். மெல்லவோ சப்பவோ கூடாது. அடுத்த அரை மணி நேரம் உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம். படுக்கக் கூடாது, குனிந்து செய்யும் வேலையும் வேண்டாம். மாத்திரை உணவுக்குழாயில் தங்கினாலோ மேலேறி வந்தாலோ புண் உண்டாக்கும். அரை மணிக்குப் பிறகு காப்பி, பலகாரம், மற்ற மாத்திரைகள். ஐபாண்ட்ரோனேட்டுக்கு இந்தக் காத்திருப்பு ஒரு மணி நேரம். கால்சியம், இரும்புச் சத்து, வாயு மாத்திரை எதையும் கூடவே எடுக்கக் கூடாது. வேலைக்கு ஓடும் அவசரம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை மாத்திரை நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது. மறந்துவிட்டால் மறுநாள் காலை ஒன்று எடுக்கலாம். ஒரே நாளில் இரண்டு எடுக்கக் கூடாது. விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கும் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கும் இந்த மாத்திரை ஆகாது.

ஆண்டுக்கு ஒரு முறை டிரிப்ஸ்

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வாரந்தோறும் ஒழுங்காக எடுக்க இயலாதவர்களுக்கும் இதே வகையில் ஜோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது. 5 மி.கி. மருந்தைக் குறைந்தது 15 நிமிடத்தில் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை போதும். 2007-இல் வெளியான பெரிய ஆய்வில் மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. முதல் முறை ஏற்றிய பிறகு இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். பாராசிட்டமால் போதும், அடுத்த ஆண்டுகளில் அது குறைந்துவிடும். ஏற்றும் முன் வைட்டமின் டி குறைவைச் சரிசெய்து, சிறுநீரகப் பரிசோதனை செய்து, தண்ணீர் நன்றாகக் குடித்திருக்க வேண்டும்.

நியூசிலாந்து ஆய்வாளர்கள் இந்த மருந்தின் இடைவெளியை இன்னும் நீட்டிப் பார்த்தார்கள். எலும்பு அடர்த்தி குறைந்த, 65 வயது கடந்த 2,000 பெண்களுக்கு 18 மாதத்துக்கு ஒரு முறை கொடுத்ததில் முறிவுகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன என்று 2018-இல் அறிவித்தார்கள். 50 முதல் 60 வயதுள்ள 1,054 பெண்களிடம் செய்து 2025-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து ஆண்டுகளில் இரண்டே முறை ஏற்றியதே முதுகெலும்பு முறிவை ஏறத்தாழ 44 சதவீதம் குறைத்தது. மருத்துவமனைக்கு ஒரு நாள் போய் வருவதென்றால் ஒரு நாள் கூலியை இழக்கும் மலைப்பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறில்லை.

ஆறு மாத ஊசி

டெனோசுமாப் அரிக்கும் செல்கள் உருவாவதையே தடுக்கும் மருந்து. 60 மி.கி. ஊசியைத் தோலுக்கடியில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுவார்கள். முதுகெலும்பு முறிவை 68 சதவீதமும் இடுப்பு முறிவை 40 சதவீதமும் குறைப்பதாக 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிறுநீரகம் ஓரளவு பழுதானவர்களுக்கும் கொடுக்கலாம். ஆனால் டயாலிசிஸ் நிலையில் இருப்பவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஆபத்தாக இறங்கக்கூடும்.

இந்த ஊசியின் தவணை தவறக் கூடாது. பிஸ்பாஸ்போனேட் எலும்பிலேயே தங்கி, நிறுத்திய பிறகும் சில காலம் காக்கும். டெனோசுமாப் தங்காது. ஊசி ஒரு மாதத்துக்கு மேல் தாமதமானால் அடங்கியிருந்த அரிப்பு பன்மடங்காகக் கிளம்பி, ஒன்றுக்கு மேற்பட்ட முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும். நிறுத்த வேண்டியிருந்தால் அதன் இடத்தில் ஜோலெட்ரோனிக் அமிலம் போன்ற வேறு மருந்தை மருத்துவர் தொடங்கியாக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் போய்வர முடியும் என்ற உறுதி இல்லாதவர் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

ஹார்மோனும் ராலாக்சிஃபீனும்

வற்றிய ஈஸ்ட்ரோஜனையே திருப்பித் தருவது ஹார்மோன் சிகிச்சை. அது எலும்பைக் காப்பது உண்மை. 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்வில் இடுப்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக் கட்டிகள் கூடின. ஆகவே இன்று இது எலும்புக்காக மட்டும் எல்லோருக்கும் தரப்படுவதில்லை. 60 வயதுக்குக் கீழே, மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள், உடல் கொதிப்பும் இரவு வியர்வையும் வாட்டுகிற பெண்களுக்கும், இளவயதிலேயே சூலகத்தை இழந்தவர்களுக்கும் இது நன்மை தரும்.

ராலாக்சிஃபீன் எலும்பில் ஈஸ்ட்ரோஜனைப் போலவும் மார்பகத்தில் அதற்கு எதிராகவும் செயல்படும் மாத்திரை. நாளுக்கு 60 மி.கி. முதுகெலும்பு முறிவையும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பையும் குறைக்கிறது. இடுப்பு முறிவைக் குறைத்ததற்குச் சான்று இல்லை. ரத்தக் கட்டி வந்தவர்களுக்கு இது கூடாது.

எலும்பைக் கட்டும் ஊசிகள்

இதுவரை சொன்னவை இருக்கும் எலும்பைக் காப்பவை. டெரிபாராடைடு புது எலும்பைக் கட்டவைக்கும் மருந்து. பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு பகுதி. 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்திய நிறுவனங்களும் தயாரிக்கின்றன. நாள்தோறும் 20 மைக்ரோகிராம் வீதம் வழக்கமாக இரண்டு ஆண்டுவரை நோயாளியே போட்டுக்கொள்ள வேண்டும். பல முதுகெலும்புகள் முறிந்தவர்களுக்கும் பிற மருந்துகளால் பலன் கிடைக்காதவர்களுக்கும் இது பயன்படும். பேனா ஊசியைக் குளிர்பெட்டியில் வைத்தாக வேண்டும் என்பதாலும் விலை அதிகம் என்பதாலும் எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு இது எளிதில் அமையாது. முடித்த பிறகு எலும்பைக் காக்கும் மருந்தைத் தொடராவிட்டால் சேர்ந்த எலும்பு கரைந்துவிடும். ரோமோசோசுமாப் 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத ஊசி, ஓராண்டு தரப்படும். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இது கூடாது.

பக்கவிளைவைப் பற்றிய பயம்

பிஸ்பாஸ்போனேட்டை நீண்ட காலம் எடுத்தவர்களில் மிகச் சிலருக்குத் தொடை எலும்பு வித்தியாசமான முறையில் முறிகிறது. அதற்குச் சில வாரம் முன்பே தொடையிலோ தொடை இடுக்கிலோ வலி வருவது உண்டு. வந்தால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இன்னும் அரிதாக, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். எலும்புப்புரைக்கு எடுக்கும் அளவில் இது பத்தாயிரத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வருகிறது. வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களும் பல் ஆடுகிறவர்களும் பல் வைத்தியத்தை முடித்துவிட்டு மருந்தைத் தொடங்குவது நல்லது. மாத்திரையை ஐந்து ஆண்டும் டிரிப்ஸை மூன்று ஆண்டும் எடுத்த பிறகு மருத்துவர் மீண்டும் ஆராய்ந்து, ஆபத்து குறைந்தவர்களுக்குச் சில காலம் நிறுத்தி வைப்பார். முறிவு ஆபத்து அதிகம் உள்ள பெண்ணுக்கு மருந்து தடுக்கும் முறிவுகள் மருந்தால் வரும் கேடுகளைவிடப் பல மடங்கு அதிகம். பக்கத்து வீட்டில் கேட்ட ஒரு கதைக்காக மருந்தை நிறுத்துவது சரியல்ல.

மலைக்கு ஏற்ற வழி

மருந்தோடு கூடவே விழாமல் இருக்கும் ஏற்பாடும் வேண்டும். மேடேறும் நடையும் எஸ்டேட் வேலையும் எலும்புக்கு நல்ல பயிற்சி. ஆனால் பாரத்தைக் குனிந்து தூக்குவது பலவீனமான முதுகெலும்பை முறிக்கும். வாசற்படிக்கு ஒரு கைப்பிடி, இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு, தேயாத செருப்பு, கண்புரைக்கு அறுவை ஆகியவை செலவு அதிகமில்லாத காப்புகள்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அதே கைகள் வார மாத்திரையையும் கொண்டு சேர்க்க முடியும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஏற்காடு அரசு மருத்துவமனையிலும் ஐம்பது வயது கடந்த ஒவ்வொரு பெண்ணிடமும், கீழே விழுந்து எலும்பு முறிந்ததுண்டா, உயரம் குறைந்திருக்கிறதா என்று கேட்டாலே மருந்து தேவைப்படும் பலரைக் கண்டுபிடித்துவிடலாம். ஆண்டு டிரிப்ஸை மலையிலேயே ஏற்றும் வசதி செய்தால் சேலம் பயணம் மிச்சமாகும்.

மாதவிடாய் நின்ற பெண் தவறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டால், மாவுக்கட்டோ நாட்டுக்கட்டோ போட்டதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. அடுத்த முறிவு இடுப்பில் வரலாம் என்பதற்கு அது முன்னறிவிப்பு. கட்டுப் பிரித்த அன்றே எலும்பு அடர்த்தியைப் பார்க்கும்படியும் மருந்து தேவையா என்று சொல்லும்படியும் மருத்துவரிடம் கேட்பது அவருடைய உரிமை. கேட்க வைப்பது குடும்பத்தின் கடமை.